நீல நிற பஃப் மட்டும் போதுமா? ஓசூர், கிருஷ்ணகிரி குடும்பங்கள் ஆஸ்துமா பற்றி அறிய வேண்டியவை

மார்கழி, தை மாதங்களில் ஓசூரில் ஃபஜ்ர் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். முன் வரிசையில் நிற்கும் பெரியவர் ஒருவர் இருமத் தொடங்குவார். ஸலாம் கொடுத்த பின்னும் இருமல் அடங்காது. சட்டைப் பையிலிருந்து சின்ன நீல நிற டப்பாவை எடுத்து வாயில் இரண்டு முறை அடித்துக்கொள்வார். சற்று நேரத்தில் மூச்சு சீராகிவிடும். என்ன என்று கேட்டால், "பனி ஒத்துக்கல பாய், வேற ஒண்ணும் இல்ல" என்பார்.

அந்த நீல டப்பாவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் அதை மட்டுமே நம்பி ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுவது ஆபத்து என்று மருத்துவ உலகம் வெளிப்படையாகச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் செய்தி நம் வீடுகளுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. நம் தெரு முனை கிளினிக்குகளில் பலவற்றுக்கும் வந்து சேரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெயர் பல, நோய் ஒன்று

இழுப்பு, இளைப்பு, ஈளை, வீசிங், அலர்ஜி இருமல், "நெஞ்சு சளி" என்று நம் வீடுகளில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. ஆஸ்துமா என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்ல விரும்புவதில்லை. மருத்துவரே சில நேரம் "லேசான வீசிங்" என்று மென்மையாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார். பெயர் சரியாக வராததால் வைத்தியமும் சரியாக அமைவதில்லை.

நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் எப்போதும் லேசாக வீங்கிச் சிவந்திருப்பதுதான் ஆஸ்துமா. அழற்சி என்று இதைச் சொல்வார்கள். அப்படிப் புண்பட்டிருக்கும் குழாயில் தூசி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் ஏதாவது ஒன்று பட்டால், குழாயைச் சுற்றியிருக்கும் தசை சட்டென இறுகுகிறது. உள்ளே சளியும் கட்டுகிறது. காற்று போக வழி குறுகி, விசில் போன்ற சத்தம் வருகிறது. இரவிலும் விடியற்காலையிலும் கூடுவது, வந்து வந்து போவது, நடுவில் நோயே இல்லாததுபோல இருப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். சிலருக்கு விசில் சத்தமே இருக்காது, இரவில் இருமல் மட்டும் இருக்கும்.

ஆக, இதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று தசை இறுகுவது, மற்றொன்று உள்ளே இருக்கும் அழற்சி. நீல நிற டப்பாவில் பொதுவாக இருக்கும் சால்பியூடமால் முதல் வேலையை மட்டுமே சரிசெய்யும். சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தி மூச்சைத் திறந்துவிடும். அழற்சியை அது தொடுவதே இல்லை. கூரை ஒழுகும் வீட்டில் தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பது போலத்தான் இது. தரை காய்ந்ததும் வேலை முடிந்தது என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

அழற்சியை ஆற்றுவது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து. புடிசோனைடு, பெக்லோமெத்தசோன், ஃபுளூடிகசோன் என்ற பெயர்களில் அது வரும். உடனே சுகம் தெரியாது. நாள், வாரக் கணக்கில் வேலை செய்யும். சுகம் தெரியாததால்தான் மக்கள் அதை நிறுத்திவிடுகிறார்கள்.

எண்கள் சொல்வது என்ன?

உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் உலக ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில் நடப்பதாக மதிப்பிடுகிறார்கள். நம் நாட்டில் நோய் கடுமையானது என்பதால் இந்த வேறுபாடு வரவில்லை. மருந்து உரியவரைச் சேராததுதான் காரணம்.

உலகளாவிய ஆஸ்துமா வலையமைப்பின் இந்திய ஆய்வு 2022இல் வெளியானது. நாட்டின் 9 மையங்களில் குழந்தைகளும் பெற்றோர்களுமாக 1 லட்சத்து 27 ஆயிரத்துக்கும் அதிகமானோரிடம் விசாரித்தார்கள். இழுப்பு இருப்பவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா என்று எந்த மருத்துவரும் பெயர் சொல்லியிருக்கவில்லை. கடுமையான அறிகுறிகள் உள்ளவர்களிலேயே 70 சதவீதம் பேரின் நிலை இதுதான். தினமும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், இழுப்பு உள்ளவர்களில் 2.5 சதவீதத்துக்கும் குறைவு. மருத்துவரே ஆஸ்துமா என்று சொன்னவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 10 சதவீதத்தைத் தாண்டவில்லை.

பிரிட்டனில் 2014இல் வெளியான தேசிய ஆஸ்துமா மரண ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. 195 மரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். நிவாரண பஃப் எத்தனை வாங்கினார்கள் என்ற விவரம் கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேர், இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12க்கும் மேல் வாங்கியிருந்தார்கள். மொத்தத்தில் 45 சதவீதம் பேர் மருத்துவ உதவியை நாடாமலோ, உதவி கிடைப்பதற்கு முன்போ இறந்துபோனார்கள். பஃப் அடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் நேரம் போயிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்த பிறகு, ஆஸ்துமாவுக்கான உலகளாவிய முன்முயற்சி அமைப்பு 2019இல் தன் வழிகாட்டலை மாற்றியது. 'கினா' என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் அமைப்பு இது. 1993இல் தொடங்கப்பட்டது. மே மாத முதல் செவ்வாயன்று கடைப்பிடிக்கப்படும் உலக ஆஸ்துமா தினமும் 1998 முதல் இவர்கள் நடத்துவதுதான். வயது வந்தவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூடமால் போன்ற மருந்தை மட்டும் தனியாகத் தரக் கூடாது, நோய் லேசாக இருந்தாலும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு அதனுடன் இருந்தாக வேண்டும் என்பது அந்த மாற்றம். புடிசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தேவைப்படும்போது நிவாரணத்துக்கும், தினமும் தடுப்புக்கும் பயன்படுத்தும் முறை இப்படித்தான் முன்னுக்கு வந்தது. புடிசோனைடு, புடிசோனைடு–ஃபார்மோடெரால் இரண்டும் இந்திய அரசின் 2022 அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. மக்கள் மருந்தகங்களில் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

"ஸ்டீராய்டா? வேண்டவே வேண்டாம்" என்று பதறுபவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பஃப்பில் போகும் புடிசோனைடு பொதுவாக 100 அல்லது 200 மைக்ரோகிராம். அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. இழுப்பு முற்றிய பிறகு தரப்படும் பிரெட்னிசோலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் என்றால், அது 40,000 மைக்ரோகிராம். அது இரத்தம் வழியாக உடம்பு முழுக்கப் போகிறது. பஃப்புக்குப் பயந்து மாத்திரைக்கும் ஊசிக்கும் ஓடுபவர்தான் ஸ்டீராய்டை உண்மையில் அதிகம் வாங்கிக்கொள்கிறார். சால்பியூடமாலும் அப்படித்தான். ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், ஒரு 4 மில்லிகிராம் மாத்திரையோ அதைப்போல் 40 மடங்கு. மாத்திரை போட்டதும் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இதனால்தான்.

எந்த லேபிளும் இல்லாமல் பொட்டலமாகத் தரப்படும் "ஆஸ்துமா பொடி", "நாட்டு மாத்திரை" விஷயத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். ஒரே நாளில் அதிசயமாகக் குணம் தெரிந்தால், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படத்தான் வேண்டும். ஹைதராபாத்தில் ஜூன் மாதம் உயிர் மீனின் வாயில் மருந்து வைத்து விழுங்கத் தரும் வைத்தியத்துக்கு ரயில் ஏறிப் போகிறவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அது நோயைத் தீர்ப்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. போய் வருபவர்கள் தடுப்பு மருந்தை நிறுத்தாமலாவது இருக்க வேண்டும்.

நம் பகுதிக்கு என்ன தனிக் கவலை?

ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்ச்சியான ஊர் என்ற பெருமை நமக்கு உண்டு. அதே குளிர்காலையில் புகை மேலே போகாமல் தரையோடு தங்கிவிடும் என்பதையும் மறந்துவிட முடியாது. பெங்களூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. ஜூஜூவாடி, அத்திப்பள்ளி எல்லையில் வண்டிகள் ஊர்ந்து நிற்கும் மணி நேரங்களை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். சாலையோரக் காலி மனைகளில் வெள்ளைப் பூவோடு மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் செடியின் மகரந்தமும் பலருக்கு ஒவ்வாமை தரும்.

40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரிலிருந்து ஒரு பழைய எச்சரிக்கையும் உண்டு. அங்கு குழந்தைகள் மருத்துவர் எச். பரமேஷ் தம் மருத்துவமனைக்கு வந்த 18 வயதுக்கு உட்பட்ட 20,000 பேரைத் தொடர்ந்து கவனித்தார். ஆஸ்துமா உள்ளவர்களின் விகிதம் 1979இல் 9 சதவீதமாக இருந்தது. 1999இல் அது 29.5 சதவீதம். மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் கணக்கு என்பதால் ஊர் முழுவதற்கும் இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஊர் பெருக்க, வண்டி பெருக்க, குழந்தைகளின் மூச்சும் சேர்ந்து மாறியதை அந்த எண்கள் காட்டின. 1970களில் சிப்காட் வந்து, 2019இல் மாநகராட்சியாகிவிட்ட ஓசூரும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இதைவிட முக்கியம், பெரும்பாலும் பேசப்படாதது, வேலை இடத்தில் வரும் ஆஸ்துமா. நம் பிள்ளைகள் பலர் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைகளிலும், தொழிற்சாலைகளின் பெயிண்ட் பிரிவிலும், வெல்டிங்கிலும், பேக்கரிகளிலும், மரக்கடைகளிலும், மின்னணு பாகங்களுக்கு ஈயப்பற்று வைக்கும் வரிசைகளிலும் வேலை செய்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஆஸ்துமாவை உண்டாக்கும் பொருள் ஏதாவது ஒன்று இருக்கிறது. வண்டிகளுக்கு அடிக்கும் இரண்டு பகுதி பெயிண்டில் சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். தொழில்வழி ஆஸ்துமாவின் முன்னணிக் காரணங்களில் அது ஒன்று. பேக்கரியில் மைதா மாவுத் தூசியும் அதில் சேர்க்கும் நொதிகளும், ஈயப்பற்றில் பைன் மரப் பிசினின் புகையும் அதே வேலையைச் செய்யும். முகத்தில் கர்ச்சீஃப் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கும் இளைஞருக்கு அந்தத் துணி ஐசோசயனேட்டிலிருந்து எந்தப் பாதுகாப்பும் தராது. மருத்துவமனைகளில் கட்டும் மெல்லிய மாஸ்க்கும் தராது. வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் கருவியும், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் தனி அறையும்தான் அதற்குத் தேவை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் ஊருக்குப் போயிருக்கும் நாட்களிலும் மூச்சு நன்றாக இருக்கிறதா? வேலைக்குத் திரும்பிய இரண்டொரு நாளில் மோசமாகிறதா? ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து இரவில் இழுப்பு வந்தாலும் வேலைதான் காரணமாக இருக்கலாம், ஏனெனில் சில ரசாயனங்கள் பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும். பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய ஊதும் கருவியை வாங்கி, வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் ஒரு நாளைக்கு நான்கு முறை ஊதி, இரண்டு மூன்று வாரம் நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டினால் அவருக்கு அதுவே பெரிய சான்று. பெயிண்ட் டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். சீக்கிரம் கண்டுபிடித்து அந்த வேலையிலிருந்து விலகினால் நோய் குறையும் வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தால், வேலையை விட்ட பிறகும் நோய் விடாது.

ஐசோசயனேட் நஞ்சும், கிரானைட் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயும் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களாகச் சேர்க்கப்பட்டவை. பார்க்கும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்காத மருத்துவரால் இதை எப்படித் தெரிவிக்க முடியும்? அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளி இ.எஸ்.ஐ. பலனுக்கு உரியவர் என்பதையும் பலர் மறந்து, கையிலிருந்து செலவு செய்துகொண்டிருக்கிறார்கள்.

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் அறுக்கும், பாலிஷ் போடும் பட்டறைகளில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு வரும் மூச்சுத் திணறல் எல்லாம் ஆஸ்துமா இல்லை. கல் தூசி நுரையீரலில் தழும்பாக்கும் சிலிகோசிஸ் பஃப்புக்குக் கட்டுப்படாது, காசநோயையும் எளிதில் கூட்டிக்கொண்டு வரும். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ஸ்பைரோமெட்ரி இல்லாமல் "வீசிங்" என்று பஃப் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம்.

மருத்துவரும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்

பின்லாந்து 50 லட்சம் மக்கள்தொகை கொண்ட குளிர் நாடு. 1994இல் அங்கே பத்தாண்டு ஆஸ்துமா திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். புதிய மருந்தோ பெரிய மருத்துவமனையோ அதன் மையம் இல்லை. ஊர்ப்புற மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்துக்கடைக்காரர்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். சுகாதார நிலையத்தில் ஆஸ்துமாவுக்குப் பொறுப்பாக ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், மருந்துக்கடையில் ஒரு மருந்தாளுநர் என்று ஆள் நியமித்தார்கள். நோயாளிக்குத் தன் நோயைத் தானே கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பத்தாண்டு முடிவில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் படுத்த நாட்கள் பாதிக்கும் கீழே இறங்கின. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

நம் நாட்டில் இதன் தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு நாள் கணக்கு இருக்கிறது. 2011 பிப்ரவரி 1 அன்று இந்தியாவின் 880 நகரங்கள், சிற்றூர்களில் மருத்துவர்களிடம் வந்த 2 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் மூச்சு சம்பந்தமான தொல்லையோடு வந்தவர்கள். அப்படியிருக்க, எத்தனை கிளினிக்குகளில் ஒரு பீக் ஃப்ளோ மீட்டரைப் பார்க்கிறோம்? இரத்த அழுத்தக் கருவி இல்லாத கிளினிக்கை நாம் ஏற்றுக்கொள்வோமா?

மருத்துவர்கள் ஐந்தாண்டில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. இந்த 30 மணியில் எவ்வளவு மருந்துக் கம்பெனி ஏற்பாடு செய்யும் ஓட்டல் விருந்தோடு கழிகிறது, எவ்வளவு உண்மையான படிப்பு என்பது மருத்துவர்களுக்கே தெரியும். ஆர்வத்தோடு படித்து, நோயாளியைத் தன் எதிரே பஃப் அடிக்கச் சொல்லித் திருத்தும் மருத்துவர்களும் நம் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போவது நம் பொறுப்பு. மருந்துக்கடைக்காரருக்கும் கடமை உண்டு. 2015ஆம் ஆண்டு மருந்தகப் பணி விதிகள் நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வதை மருந்தாளுநரின் வேலையாகவே வைத்திருக்கின்றன. "அண்ணே, இதை எப்படி அடிக்கணும்னு காட்டுங்க" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு மருந்து வீடு தேடி வருவதை அது சாத்தியமாக்கிக் காட்டியது. வீடு வீடாக வரும் அந்தப் பெண் தன்னார்வலர்களுக்கு "இரவில் இருமுகிறீர்களா, மாதத்துக்கு எத்தனை பஃப் வாங்குகிறீர்கள்" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கவும் பயிற்சி கொடுத்தால் எத்தனையோ பேர் வெளிச்சத்துக்கு வருவார்கள். நம் ஜமாஅத்துகள் நடத்தும் மருத்துவ முகாம்களிலும் சர்க்கரை, பிரஷர் மேசைக்குப் பக்கத்தில் மூச்சுக்கு ஒரு மேசை போடலாம்.

மருத்துவரிடம் போகும்போது இதையெல்லாம் கேளுங்கள்: எனக்கு இருப்பது ஆஸ்துமாவா? ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்தீர்களா? இதில் எது தினமும் எடுக்க வேண்டிய மருந்து, எது அவசரத்துக்கு? திடீரென்று கூடினால் நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருவீர்களா? ஒரு நிவாரண பஃப்பில் பெரும்பாலும் 200 முறை மருந்து இருக்கும். அது ஒரே மாதத்தில் தீர்ந்துபோகிறது என்றால் நோய் கைமீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிறத்தை நம்பாமல் பெயரைப் படியுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும்.

வீட்டுக்குள்

வியாழன் மாலை சாம்பிராணி போடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து வரும் பஹூர், ஊதுபத்தி, கொசுவர்த்தி, கட்டியான அத்தர் மணம் ஆகியவையும் உண்டு. மணம் நல்லதுதான். ஆனால் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் மூடிய அறைக்குள் புகை போடுவது அந்தப் பிள்ளைக்குத் துன்பம். குளிப்பாட்டிய கைக்குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவதையும் விட்டுவிட வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும், நன்னியிடம் சண்டை போட்டு ஆகாது. புகைப்பிடிக்கும் அத்தா "நான் வெளியே போய்த்தான் பிடிக்கிறேன்" என்பார். சட்டையிலும் தாடியிலும் அந்தப் புகை வீட்டுக்குள் வருகிறது.

பஞ்சு மெத்தை, தலையணை, கம்பளிகளில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் வாழ்கின்றன. வாரம் ஒரு முறை விரிப்புகளை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். பள்ளிவாசல், மதரஸா கம்பளங்களுக்கும் இதே கவனம் தேவை. ஸஜ்தாவில் மூக்கு அதன் மேல்தான் படுகிறது. துடைப்பத்தால் தூசியைக் கிளப்பாமல் வேக்குவம் போட்டு எடுப்பது நல்லது.

மனதுக்குக் கஷ்டமான ஒன்றையும் பேச வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் சம்பந்தம் பேசும்போது மறைத்துவிடுகிறோம். நிக்காஹ் முடிந்து போன வீட்டில் அந்தப் பெண் பஃப்பை அலமாரித் துணிக்கடியில் ஒளித்துவைத்து, குளியலறைக்குள் போய் அடிக்கிறாள். தினசரித் தடுப்பு மருந்தை நிறுத்திவிடுகிறாள், யாராவது பார்த்துவிடுவார்களே என்று. கர்ப்பமானால், "குழந்தைக்கு ஆகாது" என்று மிச்சத்தையும் நிறுத்தச் சொல்கிறார்கள். உண்மை நேர் எதிரானது. கர்ப்ப காலத்தில் உள்ளிழுக்கும் மருந்தைத் தொடர்வதைவிட, கட்டுப்படாத ஆஸ்துமாதான் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து, ஏனென்றால் தாயின் ஆக்சிஜன்தான் குழந்தையின் ஆக்சிஜன். ஆஸ்துமா தொற்றாது. மருந்தோடு இருப்பவர் ஓடலாம், உழைக்கலாம், பிள்ளை பெற்று வளர்க்கலாம். மாப்பிள்ளை வீட்டார் இதைக் காரணமாக்கி ஒதுங்கினால், அறியாமை அவர்களுடையது.

ரமளான் நோன்பு

நோயாளி நோன்பை விட்டுப் பிறகு நோற்கலாம் என்ற சலுகையை திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 184, 185ஆம் வசனங்கள் தருகின்றன. நோன்பு நேரத்தில் இன்ஹேலர் அடிப்பது பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷைக் இப்னு பாஸ், இப்னு உஸைமீன் போன்றவர்கள் நோன்பு முறியாது என்றார்கள். துணைக்கண்டத்தின் ஹனஃபி முஃப்திகள் பலர் முறியும், களா செய்ய வேண்டும் என்கிறார்கள். உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் ரமளானுக்கு முன்பே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். மருத்துவ ரீதியாகச் சொல்ல வேண்டியது இதுதான்: தடுப்பு மருந்து பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு முறை அல்லது இரு முறைதான். சஹரிலும் இஃப்தாருக்குப் பிறகும் எடுத்தால் போதும், நோன்புக்கும் அதற்கும் மோதலே இல்லை. ஒரு மாதம் முழுக்க மருந்தை நிறுத்திவைப்பதுதான் தவறு. பகலில் திணறல் வந்துவிட்டால், எந்தக் கருத்தைப் பின்பற்றுபவராக இருந்தாலும் உடனே பஃப்பை எடுங்கள். களா பற்றிய கேள்வியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

பஃப் அடிக்கும் முறை

இன்ஹேலரை டப்பாவில் அடைக்கும் யோசனை 1955இல் ஆஸ்துமா உள்ள ஒரு 13 வயதுச் சிறுமி தன் தந்தையிடம் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே போல என் மருந்தும் ஏன் வரக் கூடாது என்று கேட்டாள். மருந்து நிறுவனத் தலைவராக இருந்த தந்தை அடுத்த ஆண்டே அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆனால் சரியாக அடிக்காவிட்டால் மருந்தின் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்து வீணாகும்.

மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். உதடுகளால் வாய்ப்பகுதியை இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒரு முறை அழுத்துங்கள். தொடர்ந்து ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு மறுபடியும் குலுக்க வேண்டும். ஸ்டீராய்டு பஃப் என்றால் கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், இல்லையென்றால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படியும். பொடி கேப்சூல் போட்டு இழுக்கும் கருவியில் இது நேர்மாறு. அதை வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும்.

குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஸ்பேசர் என்ற குழாய் அவசியம். அவசரத்தில் அது இல்லையா? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் மருத்துவர் ஹெதர் சார் குழுவினர், 500 மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளி இல்லாமல் அடைத்துச் செய்த ஸ்பேசர் கடையில் விற்பதைப் போலவே வேலை செய்வதை 1999இல் காட்டினார்கள். பாட்டிலின் வாயைப் பிள்ளை உதட்டால் கவ்விக்கொள்ள வேண்டியதுதான்.

திடீரென்று திணறல் வந்தால் நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, சுற்றிக் கூட்டம் போடாமல் விலகி நில்லுங்கள். நிவாரண பஃப்பை ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக நான்கு முறை கொடுங்கள். ஒவ்வொரு முறை அழுத்திய பிறகும் நான்கு மூச்சு எடுக்கட்டும். நான்கு நிமிடம் பொறுத்துப் பார்த்து, குறையாவிட்டால் மறுபடியும் நான்கு. அதற்கும் அடங்காவிட்டால் 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை இதையே தொடருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழந்தையின் விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளிழுத்தாலோ, தூக்கக் கலக்கம் தெரிந்தாலோ, கேட்டுக்கொண்டிருந்த விசில் சத்தம் மூச்சு சீராகாமலேயே திடீரென்று நின்றுபோனாலோ காத்திருக்காதீர்கள். முதல் பஃப்போடு சேர்த்தே 108ஐக் கூப்பிடுங்கள். பெங்களூர் பெரிய மருத்துவமனைக்கே போகலாம் என்று எல்லை நெரிசலில் வண்டியை விடாமல், பக்கத்தில் ஆக்சிஜனும் நெபுலைசரும் இருக்கும் மருத்துவமனைக்கு முதலில் கொண்டுபோங்கள். அவர் வழக்கமாக எடுக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.